ஹேங் ஆனது கம்ப்யூட்டரா, மருமவனா?

என்ன மருமவனே, சிபியு மேல எலுமிச்சம்பழமும் பச்ச மொளகாயும் தொங்குது? அமாவாசைக்கு அமாவாசை மாத்துவீரா, இல்ல விண்டோஸ் அப்டேட் வரும்போது மட்டுந்தானா? கண்ணேறு கழிச்சா ஃபோட்டோஷாப் வெரசா ஓடும்னு யாராவது சொன்னாவன்னா, அவிய வெலாசத்த எனக்கும் குடும். எம் முழங்காலுக்கும் ஒண்ணு கட்டிப் பாக்கேன்.

சிரிக்காதேயும். டீயும் கை முறுக்கும் வாங்கிக் குடுத்து என்ன எதுக்கு உக்கார வச்சிருக்கீருன்னு எனக்குத் தெரியும். மாசி முகூர்த்தம் வரிசையா முடிஞ்சு மூணு வீட்டு ஆல்பமும் உம்ம தலையில கெடக்கு. பொண்ணு வீட்டுக்காரரு தெனமும் போன் போடுதாரு. ஷீட்டுல ஒரு படத்த இழுத்தா இழுத்த எடத்துலயே நிக்குது, சக்கரம் சுத்துது, ஸ்கிரீன் வெளுக்குது. அதனால இந்தப் பொட்டி ஆகாது, லட்ச ரூவாய்க்குப் புதுசு வாங்கணும், அதுக்கு உங்க அத்த சீட்டு எடுத்த துட்ட மாமா பேசி வாங்கித் தரணும். அம்புட்டுதானே? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். உமக்கு ஆடத் தெரியாதுன்னு நான் சொல்லல. கூடத்துல என்னென்னத்தப் போட்டு அடைச்சு வச்சிருக்கீருன்னு ஒரு தரம் பாத்துட்டு, பொறவு அத்தகிட்ட போவோம்.

மொதல்ல அந்த மவுஸ விடும். மேல 'நாட் ரெஸ்பாண்டிங்'னு எழுதி வந்த ஒடனே ஒப்பாரி வைக்கீரே, அது சாவு இல்லவே. ஒரு புரோகிராம் அஞ்சு செகண்டு போல பதில் பேசலேன்னா, விண்டோஸ் அதும் மேல வெள்ளையப் போத்தி அப்படி எழுதிப் போட்டுரும். பல நேரம் உள்ள அது பாட்டுக்கு வேலையப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கும். நீரு பொறுக்க மாட்டாம அமுக்குத ஒவ்வொரு அமுக்கும் வரிசையில போய் நிக்கும். அது நிமிந்ததும் நின்னதையெல்லாம் ஒண்ணொண்ணா செஞ்சு முடிக்கும். பொறவு மாப்பிள்ளைக்கு மூக்கு ரெண்டாத் தெரியுதுன்னு எனக்குப் போன் போடுவீரு.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப், மூணையும் சேத்து அமுக்கும். டாஸ்க் மேனேஜர் வந்துட்டா? எண்ட் டாஸ்க் பக்கம் கைய கொண்டு போகாதேயும், பாக்க மட்டுந்தான் தெறந்திருக்கோம். சிபியு, மெமரி, டிஸ்க்குன்னு வரிசையா இருக்கு. எது நூத்த முட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாரும். டிஸ்க் 100-ல நின்னா ஃபோட்டோஷாப் எதையோ எழுதிக்கிட்டோ படிச்சுக்கிட்டோ இருக்கு. செத்த நேரம் வெளிய நின்னுட்டு வாரும், முடிச்சிருக்கும். எல்லாமே சும்மா கெடக்கு, ஃபோட்டோஷாப் மட்டும் அசைய மாட்டேங்குதுன்னா அப்பதான் நெசமாவே தொங்கிட்டுன்னு அர்த்தம். அதுக்குக் காரணம் கிராபிக்ஸ் டிரைவரா இருக்கும், இல்ல எவனோ குடுத்த பிளகின்னா இருக்கும், இல்ல பதில் வராத நெட்வொர்க் டிரைவா இருக்கும். பைய நகருதது ஒரு நோவு, அடியோட நிக்கது வேற நோவு. நீரு ரெண்டுக்கும் சேத்து 'ஹேங் ஆவுது'ன்னு ஒரே சீட்ட எழுதுதீரு.

உமக்கு வந்திருக்கது மொத நோவு. எப்படித் தெரியும்ங்கீரா? அந்தப் பொண்ணு ஷீட்டத் தெறவும். தெறக்கட்டும், நமக்கென்ன அவசரம், முறுக்கு இன்னும் மிச்சமிருக்கு. ஆங், வந்துட்டு. கீழ, எடது மூலையில, சதவீதம் போட்டிருக்கதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கா? எத்தன வருசமா இந்த நாற்காலியத் தேய்க்கீரு, அத ஒரு நாளாவது தொட்டீரா? தொடும். எஃபிஷியன்சின்னு இருக்கத எடும். அது 100ன்னு காட்டுனா எல்லாச் சோலியும் ரேம்லயே நடக்குதுன்னு அர்த்தம். அதுக்குக் கீழ எறங்குனா, ரேம் பத்தாம டிஸ்க்குக்கும் ரேம்முக்கும் அலைஞ்சுக்கிட்டு இருக்கு. இப்ப அந்தப் பூமாலய கொஞ்சம் நகத்தும். என்ன காட்டுது? 61. இதுல நீரு புத்தம் புது புராசசர வாங்கி மாட்டுனாலும், அதுவும் உம்ம கூடச் சேந்து உக்காந்து சக்கரத்தத்தான் பாக்கும்.

ரேம்ங்கது களம் மருமவனே. அடிச்ச நெல்லு களம் கொள்ளாமப் போச்சுன்னா நம்மாளு என்ன செய்வான்? ரோட்டுல கொண்டு பரப்புவான். காயத்தான் செய்யும். ஆனா அதே ரோட்டுலதான் பஸ்ஸும் போவணும், மணல் லாரியும் போவணும். நெல்லையும் வெரசா அள்ள முடியாது, பஸ்ஸும் வெரசா போவ முடியாது. அந்த ரோட்டுக்குப் பேருதான் ஸ்க்ராட்ச் டிஸ்க். நீரு ஒண்ணும் சொல்லலேன்னா ஃபோட்டோஷாப் விண்டோஸ் இருக்க சி டிரைவுலயே கொண்டு பரப்பும். எங்க, உம்ம சி டிரைவக் காட்டும் பாப்போம்.

சரிதான். 9 ஜிபி மிச்சம். அடைச்சுக்கிட்டு இருக்கது என்னது? டவுன்லோட்ஸ் ஃபோல்டர். போன வருசத்துக் காதுகுத்து வீடியோ, அதுக்கு முந்துன வருசத்துச் சடங்கு வீடியோ, அதுக்கும் கீழ பழைய சிவாஜி படமா வரிசையா இருக்கு. கஸ்டமர் கேட்டாவளா? நான் ஒண்ணும் கேக்கலியே, நீரா ஏன் சொல்லுதீரு? இந்த 9 ஜிபிக்குள்ளதான் விண்டோஸும் கை கால நீட்டணும், ஃபோட்டோஷாப்பும் நெல்லக் காயப்போடணும். ஒரு நாள் 'ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் ஆர் ஃபுல்'லுன்னு சொல்லி வாசலச் சாத்திரும். தெறக்கவே மாட்டேங்குத அளவுக்கு ஆச்சுன்னா, தொடங்கும்போதே கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் அமுக்கிப் பிடியும். எந்த டிரைவுல பரப்பட்டும்னு அதுவே கேக்கும்.

டி டிரைவு இருக்கே மாமாங்கீரா? இருக்கு. அது எங்க இருக்கு? அதே டிஸ்க்குல நடுவுல கோடு கிழிச்சு வச்ச பாதி. கோடு கிழிச்சா ரோடு ரெண்டா ஆயிருமா? அங்க எடம் காலியா இருந்தா ஃபுல்லுன்னு சத்தம் போடாது, அம்புட்டுதான் லாபம். வேகம் வேணும்னா தனியா இன்னொரு டிஸ்க்கு வேணும், அதுவும் எஸ்எஸ்டியா இருந்தா நல்லது. பென் டிரைவக் காட்டி இத வச்சுக்கிடலாமான்னு கேக்காதேயும். கேப்பீரு, எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு. நீரு பொறுமையில்லாம எண்ட் டாஸ்க் குடுத்து மூடுன ஒவ்வொரு தரமும் 'ஃபோட்டோஷாப் டெம்ப்'புன்னு பேரு போட்ட ஃபைலு அங்கன கெடக்கலாம். ஃபோட்டோஷாப்ப மூடிட்டு டெம்ப் ஃபோல்டர்ல போய்ப் பாரும். ஒவ்வொண்ணும் ஜிபி கணக்குல இருக்கும். மூடிட்டு அழியும், தெறந்து வச்சுக்கிட்டு அழிக்காதேயும்.

எடத்தப் பாத்தாச்சு, இனி சரக்கப் பாப்போம். உம்ம கேமரா 24 மெகாபிக்சலு. ஃபோல்டர்ல பாத்தா படம் 10 எம்பிதான், இதுல என்ன கனம்ங்கீரு. அது ஜேபெக் மடிச்சுச் சுருட்டி வச்சிருக்க கணக்கு. தெறந்துட்டா 6000-க்கு 4000, ஒரு பிக்சலுக்கு மூணு பைட்டு, ஆக 72 எம்பி. இந்தக் கரிஸ்மா ஷீட்டு 12-க்கு 36 இஞ்சு, 300 டிபிஐ. 3600-க்கு 10800 பிக்சலு. ஒண்ணுமே ஒட்டாத வெறும் தாளே 116 எம்பி. அதையும் 16 பிட்டுக்கு மாத்தி வச்சிருக்கீரு, அதனால 233. யாரு சொன்னா 16 பிட்டு? யூட்யூப்ல ஒருத்தரு. சரி. நீரு லேபுக்கு அனுப்புதது என்ன? ஜேபெக். அதுல 8 பிட்டுக்கு மேல நிக்காது. ரா ஃபைல்ல வெளிச்சத்தத் தூக்கி எறக்கும்போது 16 பிட்டு வச்சுக்கிடும், அதுல நியாயம் இருக்கு. பட்டாம்பூச்சி ஒட்டுததுக்கு எதுக்கு?

லேயரு எத்தன இருக்கு? உருட்டும், உருட்டும், நிக்காம உருட்டும். 'லேயர் 4 காப்பி 7'. காப்பி ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் எங்க? கண்ண மூடி வச்சிருக்கீரா? கண்ண மூடுனா நமக்குத்தான் தெரியாது, அதுங்க அங்கனயேதான் உக்காந்திருக்கு. ஃபைல்லயும் எடம் பிடிக்கும், மெமரியிலயும் பிடிக்கும். வேண்டாத லேயர அழிக்கதுக்கு உமக்கு அப்படி என்ன மனக்கஷ்டம்?

பொறவு இந்த டெம்ப்ளேட்டு. ஐநூறு பிஎஸ்டி சேத்து ஒரே பேக்கா வாங்குனது. தங்க பார்டர், ரோசாப்பூ மழ, ரெண்டு மயிலு, பின்னால ஈபிள் டவரு. மாப்பிள்ள சங்கரன்கோவிலத் தாண்டுனது இல்ல, அவரு கல்யாணத்துக்குப் பாரிஸ்ல போய் நிக்காரு. இருக்கட்டும், பொண்ணு வீட்டுக்குப் பிடிச்சாச் சரி. ஆனா அந்த ரோசாப்பூ ஒவ்வொண்ணும் தனித்தனி லேயரு, ஒவ்வொண்ணுக்கும் நெழலு, ஒளிவட்டம். நீரு படத்த ஒரு இஞ்சு நகத்துனா அது அம்புட்டு நெழலையும் மறுபடி கணக்குப் போடும். பூவெல்லாம் முடிவாயிட்டுன்னா ஒரே லேயரா சேத்துப் போடும். சேக்கதுக்கு முன்னால ஒரு நகல எடுத்து வையும். எல்லாம் முடிஞ்ச பொறவுதான் பொண்ணோட பெரியம்மா வந்து ரோசாவ மல்லியா மாத்தச் சொல்லுவாவ.

ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டுன்னு ஒண்ணு. நல்ல வசதிதான். ஆனா மாமன்மாருக படத்தக் கட்டைவெரல் அளவுக்குச் சுருக்கி ஓரத்துல வச்சிருக்கீரே, அது ஒவ்வொண்ணுக்குள்ளயும் முழு 24 மெகாபிக்சலு மாமனும் உக்காந்திருக்காரு. இனி அவரப் பெருசாக்கப் போறதில்லன்னு உறுதியானா ராஸ்டரைஸ் குடும். மாமனுக்கு வருத்தம் வராது, அச்சுல ஒரு மாத்தமும் தெரியாது. அதே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டு மேல மூணு ஸ்மார்ட் ஃபில்டர அடுக்கி வச்சிருக்கீருன்னா அதையும் முடிச்சு வையும்.

இதையெல்லாங்கூட மன்னிச்சுருவேன். போன வாரம் ஒரு கூத்து பண்ணுனீரே, அத மன்னிக்க முடியாது. காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸு, 10 அடிக்கு 20 அடி. அத 300 டிபிஐல போட்டு, பொட்டி செத்துப்போச்சுன்னு ராத்திரி பதினோரு மணிக்கு என்ன எழுப்புனீரு. அப்ப தூக்கக் கலக்கத்துல திட்டிட்டு வச்சுட்டேன், இப்பத் தெளிவா இருக்கேன், கணக்கப் போடுவோம். 10 அடின்னா 120 இஞ்சு, 300 ஆல பெருக்குனா 36000. 20 அடிக்கு 72000. பெருக்கும். 259 கோடிப் பிக்சலு. மூணு பைட்டு வச்சா ஏறக்குறைய 7.8 ஜிபி, அதுவும் ஒரே ஒரு லேயருக்கு. உம்ம பொட்டியில இருக்க ரேம்மே மொத்தம் 8 ஜிபி. அதுலயும் விண்டோஸ் ஒரு பங்க எடுத்துக்கிடும். இன்னொரு வேடிக்க, பிஎஸ்டி ஃபைலு ஒரு பக்கம் 30000 பிக்சலுக்கு மேல போகாது, 2 ஜிபிக்கு மேலயும் போகாது. அதுக்கு மேலன்னா பிஎஸ்பி மாதிரி வேற வகையிலதான் சேமிக்கணும். சாமி வரங்குடுத்தாலும் அந்த ஃபைல நீரு பிஎஸ்டியா சேவ் பண்ணியிருக்க முடியாது.

அம்புட்டும் எதுக்கு? அந்த ஃப்ளெக்ஸ எங்க கட்டுவாவ? மண்டப வாசல்ல, வேப்பமரத்துக்கும் லைட் கம்பத்துக்கும் நடுவுல. பாக்கவன் பைக்குல போறவன். ஃப்ளெக்ஸு கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பாக்குத ஆல்பம் இல்லவே. அதுக்கு 72 டிபிஐ தாராளம். 8640-க்கு 17280, 448 எம்பி, உம்ம பொட்டியே தூக்கும். பிள்ளையோட தாய்மாமன் காதுல முடி தெரியணும்னா மட்டும் 300 போடும். அவரு ஆசப்பட்டாரான்னு கேட்டுக்கிட்டீரா?

சரி, இப்ப எடிட், பிரிஃபரன்ஸஸ், பெர்ஃபார்மன்ஸ். வாரும் உள்ள. ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் எத்தன போட்டிருக்கு? 1000. அடேயப்பா. வச்சது வச்சபடி இருந்தா 50தான் இருக்கும், ஆயிரத்துக்கு ஏத்தி விட்டது யாரு? கை தவறிப்போனா பின்னால போகலாம்ல மாமாங்கீரு. ஆயிரம் அடி பின்னால போனா நீரு ஷீட்ட ஆரம்பிச்ச எடத்துக்கே போயிருவீரு. அமெரிக்காவுல தாமஸ் நோல், ஜான் நோல்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு எழுதுனதுதான் இந்த ஃபோட்டோஷாப்பு. 1990 பிப்ரவரியில மொதல்ல வெளிய வந்துது. 1994 வரைக்கும் அதுல லேயரே கெடையாது. 1998 வரைக்கும் ஒரே ஒரு அடிதான் பின்னால போக முடியும். அதுலயும் புஸ்தகத்து அட்டயெல்லாம் செஞ்சாவ. எங்க காலத்துல அதுவும் கெடையாது. நெகட்டிவ் மேல பென்சில் வச்சு டச்சிங் பண்ணுவோம், கோடு தப்புனா கல்யாணப் பொண்ணு கன்னத்துல தழும்போடதான் மறுவீடு போவா. உமக்கு ஆயிரம் வேணுமாக்கும். 30 வையும், 50 வையும். ஒவ்வொரு அடிக்கும் பழைய கோலத்த அது எங்கயாவது பத்திரமா வச்சுக்கிட்டேதான் இருக்கணும், அதுவும் அந்த 9 ஜிபிக்குள்ளதான்.

பக்கத்துலயே மெமரி யூசேஜ்னு ஒரு கோடு. அத நூத்துக்குத் தள்ளி வச்சிருக்கீரு. எல்லாத்தையும் ஃபோட்டோஷாப்புக்கே குடுத்துட்டா விண்டோஸு எத வச்சுப் பொழைக்கும்? அது டிஸ்க்குல கைய வைக்கும், ரெண்டும் சேந்து அங்கன மல்லுக்கட்டும். 70-ல இருந்தத மறுபடி அங்கனயே வையும். ஆசன்னா அஞ்சஞ்சா ஏத்தி எஃபிஷியன்சியப் பாரும், ஆனா 85-ஐத் தாண்டாதேயும். கூடவே குரோம்ல தெறந்து வச்சிருக்க அம்புட்டு ஜன்னலையும் சாத்தும். ஐபிஎல் ஸ்கோரு, ஜாதகப் பொருத்தம், பழைய புல்லட்டு வெல, எல்லாம் ரேம்லதான் குடியிருக்கு. புல்லட்டு வாங்குத யோசனையும் உண்டா? அத அத்தகிட்ட சொல்லல, பயப்படாதேயும்.

எடிட் மெனுவுல பர்ஜ்னு ஒண்ணு இருக்கு. பொட்டி திணறும்போது ஹிஸ்டரியையும் கிளிப்போர்டையும் காலி பண்ணிவிடும். கொஞ்சம் எளகும். ஆனா காலி பண்ணுனது பண்ணுனதுதான், திரும்பி வராது. அதுக்கு முன்னால கண்ட்ரோல் எஸ்.

ஃபான்ட்டு. ஏன்வே, ஒரு பொண்ணு பேரும் ஒரு மாப்பிள்ள பேரும் எழுததுக்கு இத்தன ஆயிரம் ஃபான்ட்டு எதுக்கு? டிவிடியில வந்தது பூராத்தையும் விண்டோஸுல எறக்கியாச்சு. அந்த எழுத்து மெனுவத் தெறந்தா ஒவ்வொண்ணையும் மாதிரி காட்டுததுக்குள்ள பொழுது சாயுது. டைப் மெனுவுல ஃபான்ட் பிரிவியூ சைஸ நன்னுன்னு வையும். பொறவு உக்காந்து, நெசமாப் புழங்குதத மட்டும் வச்சுக்கிட்டு மத்தத ஒரு ஃபோல்டர்ல கட்டி வையும். நீரு எல்லா ஆல்பத்துலயும் அந்த ஒரே வளைஞ்ச எழுத்தத்தான் போடுதீரு, ஊருக்கே தெரியும்.

இவ்வளவும் செஞ்சு, எஃபிஷியன்சி 100 காட்டியும் தடுக்கி நின்னா, அப்ப ரெண்டாவது நோவு. ஃபோட்டோஷாப் தொடங்கும்போது ஷிஃப்ட்ட அமுக்கிப் பிடியும். வெளியாளு பிளகின்ன விட்டுட்டுப் போவட்டுமான்னு கேக்கும், ஆமாம்னு சொல்லும். அப்ப நல்லா ஓடுனா குத்தவாளி அந்தத் தோலு வெளுக்குத பிளகின்தான். மாப்பிள்ளையப் பீங்கான் கோப்ப மாதிரி ஆக்குதீரே, அதே சவந்தான். அது இல்லியா? பெர்ஃபார்மன்ஸ்ல 'யூஸ் கிராபிக்ஸ் புராசசர்'ங்கதுல டிக்க எடுத்துட்டு மூடித் தெறந்து பாரும். தொல்ல போயிட்டுன்னா டிரைவருதான் கோளாறு. கார்டு செஞ்ச கம்பெனியோட சொந்த எடத்துல இருந்தே புது டிரைவர எறக்கும், பொறவு டிக்கத் திரும்பப் போட்டுரும். எடுத்துட்டு அப்படியே மறந்துட்டீருன்னா சில ஃபில்டரு வேலையே செய்யாது, அதுக்கும் வந்து எலுமிச்சம்பழம் கட்டுவீரு. கடைசி மருந்து, தொடங்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூணும். செட்டிங்ஸ் ஃபைல அழிக்கட்டுமான்னு கேக்கும். அதுக்கு முன்னால உம்ம ஆக்ஷனு, பிரஷ்ஷு எல்லாத்தையும் சேமிச்சு வையும்.

ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும், கேட்டீரா? போன தடவ நீரு ரேம்ம மாத்தி, விண்டோஸ மாத்தி, நாற்காலியத் தெக்க பாக்கத் திருப்பிப் போட்டு, எல்லாம் ஒரே சாயங்காலம். கொஞ்சம் வேகமாச்சு. எதனால ஆச்சு? நாற்காலியாலன்னு இன்னைக்கும் நம்புதீரு.

ஜெனரேடிவ் ஃபில் பைய ஓடுதுன்னு பொட்டியத் திட்டாதேயும். அது நெட்டு வழியா வெளியூரு சர்வர்ல நடக்குத சோலி. உம்ம வீட்டு வைஃபையத் திட்டும்.

இப்பக் கொஞ்சம் கிட்ட வாரும், சத்தமாக் கேக்கப்படாது. இந்த ஃபோட்டோஷாப்பு காசு குடுத்து வாங்குனதா? தலையச் சொறியாதேயும். சிநேகிதன் பென் டிரைவுல குடுத்தான், ஆன்ட்டிவைரஸ அமத்திட்டு ஏத்தச் சொன்னான், ஏத்துனீரு, அமத்துனது அமத்துனபடி கெடக்கு. திருடன் வருதான், நாயக் கட்டிப் போடுன்னு சொல்லிட்டு வந்திருக்கான், நீரு கட்டிட்டு டீயும் குடுத்திருக்கீரு. இப்படி வருததுக்குள்ள காயின் தோண்டுத புரோகிராம ஒளிச்சு வைக்கது உண்டு. நீரு ஒண்ணுமே தெறக்காம சும்மா இருக்கும்போது சிபியு 80, 90ன்னு ஓடுனா எவனுக்கோ நீரு சம்பளமில்லாத கூலி, கரண்டு பில்லும் உம்ம கணக்கு. அப்டேட்டும் வராது, கோளாறுன்னா கேக்க நாதியும் இல்ல. மாசக் கட்டணம் கட்ட முடியலேன்னா ஜிம்ப்புன்னு ஒண்ணு சும்மாவே கெடைக்கு, அதப் பழகும். தெரியாததுன்னு மொகத்தச் சுளிக்காதேயும், எதத்தான் நீரு தெரிஞ்சு ஆரம்பிச்சீரு?

லேப்டாப்புல வேல பாக்குத அன்னைக்கு அத எங்க வைக்கீரு? மெத்தையில, தலகாணி மேல. காத்துப் போவுத ஓட்டைய எல்லாம் பஞ்சு அடச்சா அது வெக்க தாங்காம தன் வேகத்தத் தானே கொறச்சுக்கிடும். சார்ஜரப் பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டுனாலும் பல லேப்டாப்பு அதத்தான் செய்யும். சித்திரையில நம்மூரு வெயிலுக்கு மனுசனே பகல்ல சோலி பாக்க மாட்டான். பலகையில வையும். அந்த சிபியுவையும் தெறந்து தூசியத் தட்டும், உள்ள இருக்கது போன பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு.

சேவ் பண்ணுதத நேரா கஸ்டமர் பென் டிரைவுல பண்ணாதேயும். பொட்டியில பண்ணி, மூடிட்டு, பொறவு காப்பி எடும். பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் அதுவா மீட்புக்கு எழுதி வைக்கும், உண்மதான். அதுக்காக ரெண்டு மணி நேரம் சேவ் பண்ணாம இருந்துட்டு கரண்டு மேல பழியப் போடப்படாது. அத அஞ்சுக்கு மாத்திக்கிடும், ஃபைல் ஹேண்ட்லிங்ல இருக்கு.

இனி அத்த துட்டப் பத்திப் பேசுவோம். லட்சம் கெடையாது. இம்புட்டையும் செஞ்சு முடிச்ச பொறவும் ஷீட்டு தெறந்திருக்கும்போது எஃபிஷியன்சி எறங்குனா, எட்டு ஜிபிய பதினாறாவோ முப்பத்திரண்டாவோ ஆக்குததுக்கு மட்டும் நான் பேசுதேன். ரெண்டு ஸ்லாட்டும் இருந்தா ஒரே அளவுல ஜோடியா வாங்கும். இன்னும் சுத்துத ஹார்ட் டிஸ்க்குலதான் விண்டோஸ் இருக்குன்னா ரேம்முக்கும் முன்னால எஸ்எஸ்டி. புராசசரு, புது மானிட்டரு, கலர் லைட்டு எரியுத கேபினட்டு, இதெல்லாம் பேசப்படாது. ஆல்பத்த டெலிவரி குடுத்து, பொண்ணு வீட்டுக்காரரு பாக்கிப் பணத்தத் தந்த பொறவு, உம்ம துட்டுல வாங்கும்.

என்ன, அழிக்க ஆரம்பிச்சுட்டீரா? டவுன்லோட்ஸா? நில்லும், நில்லும், கைய எடும். அந்தச் சிவாஜி படம் இருக்குல்லா, வரிசையா. அத மட்டும் மொதல்ல என் பென் டிரைவுல ஏத்திரும். இந்தா, சட்டப் பையிலதான் வச்சிருக்கேன்.